சின்ன கேஸ் கிரில் வாங்கும் முன்: சிலிண்டர் எங்கே நிற்கும் என்று பாருங்கள்

டொராண்டோவில் பனி கரைந்து ஏப்ரல் முடியும்போது கடை வாசல்களில் கிரில் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான்கு பர்னர் வைத்த பெரிய கிரில்களுக்கு நடுவே, ஒரு சூட்கேஸ் அளவில், மூடியோடு, சின்ன இடங்களுக்கு ஏற்றது என்று அட்டை மாட்டிய ஒன்று நிற்கும். ஒரே பர்னர், வார்ப்பிரும்புக் கம்பித் தட்டு, 8,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். காண்டோவிலும் (தனித்தனி உரிமையாளர்கள் உள்ள அடுக்குமாடி வீடு) பேஸ்மென்டிலும் (கீழ்த்தளம்) வாடகைக்கு இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்தது போலத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. இங்கே பெரும்பாலான வாடகை வீடுகளில் மின் அடுப்புதான். ஒரு கத்தரிக்காயைச் சுட வழியில்லை, அப்பளத்தைத் தணலில் காட்ட முடியாது. தீ நாக்கைக் கண்ணால் பார்த்துச் சமைத்து வருடங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கிரில் இன்றும் என்னிடம் இருக்கிறது. வாராவாரம் அதில் சமைக்கிறேன், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிம்மதியாகப் பற்றவைக்கிற நிலைமைக்கு வருவதற்குள் ஒரு கோடை முழுக்க வீணானது, கிரில் விலைக்குக் கிட்டத்தட்ட சமமாக இன்னொரு தொகையும் கையை விட்டுப் போனது. பெரும்பாலான தொல்லை சமையலால் வரவில்லை. இடத்தாலும் சிலிண்டராலும் வந்தது. கிரில் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மசாலாவைப் பற்றியும் தட்டின் பளபளப்பைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்போது ஒரு காண்டோவின் பதினோராவது மாடியில் இருந்தோம். வாங்குவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் வாட்ஸப்பில் கேட்டேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று உடனே பதில் வந்தது. கிரில் 289 டாலர், 13 சதவீத வரியோடு 327 ஆனது. ஒரு சிறு மேசை, மூடி உறை என்று இன்னும் எண்பது டாலர். இரண்டு சனிக்கிழமை சமைத்திருப்போம். அப்புறம் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. பால்கனியில் கேஸ் கிரில் வைப்பது கட்டட விதிகளுக்கு விரோதம், உடனே அகற்றாவிட்டால் செலவை உங்களிடம் வசூலிப்போம் என்று நிர்வாகம் எழுதியிருந்தது. கடிதத்தைப் படித்ததும் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. மசாலா வாசனைக்குத்தான் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சில வாரம் லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றேன். பிறகுதான் தெரிந்தது, வாசனையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கேஸ் புட்டியோடு நான் லிஃப்டில் ஏறியது கேமராவில் பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். உரிமையாளரைக் கேட்டால், எனக்கும் இப்போதுதான் தெரியும் என்று முடித்துக்கொண்டார். ஒருமுறை பற்றவைத்த கிரில்லைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் கையை விரித்தார்கள்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், பால்கனியில் புரொபேன் (இந்தக் கிரில்களில் எரியும் கேஸ்) கிரில் வைப்பதை மாகாண விதிகள் ஒட்டுமொத்தமாகத் தடுப்பதில்லை. எரிவாயுப் பாதுகாப்பைக் கவனிக்கும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பு சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பால்கனி திறந்ததாக இருக்க வேண்டும், கண்ணாடி போட்டு அடைத்ததில் கூடாது. சிலிண்டர் கட்டடத்தின் ஜன்னல், கதவு போன்ற திறப்புகளிலிருந்து குறைந்தது ஒரு மீட்டரும், காற்றை உள்ளிழுக்கும் குழாய்களிலிருந்து மூன்று மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். சிலிண்டரைச் சரக்கு லிஃப்டில்தான் கொண்டுபோக வேண்டும், அது இல்லாத கட்டடத்தில் சாதாரண லிஃப்டில் வேறு யாரும் இல்லாமல் தனியாகப் போக வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், அந்தக் காண்டோவின் சொந்த விதி கூடாது என்று சொன்னால் கூடாதுதான். மின்சாரக் கிரில்லுக்கு மட்டும் இடம் கொடுக்கிற கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. ஆகவே உரிமையாளரின் வாய்வார்த்தையை நம்பிப் பயனில்லை. காண்டோவை வாடகைக்கு விடுகிறவர், அதன் பிரகடனம் (காண்டோவை நிறுவும் அடிப்படை ஆவணம்), துணைவிதிகள், விதிகள் மூன்றின் நகலையும் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று காண்டோமினியம் சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பார்பிக்யூ என்ற சொல்லும் புரொபேன் என்ற சொல்லும் எங்கே வருகின்றன என்று தேடினால் பத்து நிமிட வேலை. அப்புறம் நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வாடகை ஒப்பந்தம் முடியும்வரை கிரில் அலமாரிக்குள் தூங்கியது. கேஸ் புட்டியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் பக்கத்து ஊரான மார்க்கமில் ஒரு நண்பரின் பின்வளவில் விட்டிருந்தேன். பிறகு டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்துக்கு மாறினோம். பின்பக்கம் நாலு பேர் நிற்கக்கூடிய சிமென்ட் தரை, சுற்றிலும் மரவேலி, மேலே திறந்த வானம். வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டேன். சரி, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் பாகம் அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தச் சின்னக் கிரில்கள் ஒரு பவுண்டு பச்சைப் புட்டியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. உள்ளே 465 கிராம் புரொபேன். முழுத் தீயில் வைத்தால் இரண்டரை மணி நேரம் வரும். ஒரு புட்டி ஒன்பது டாலர் என்று வாங்கினேன். கோழி பாதி வெந்திருக்கும்போது தீ சுருங்கும், மாற்றுப் புட்டி இருக்காது, மாரினேட் ஊறின கையோடு கடைக்கு ஓட வேண்டும். அதே கேஸை 20 பவுண்டு சிலிண்டரில் நிரப்பினால் ஏறத்தாழ 25 டாலருக்கு ஒன்பது கிலோ கிடைக்கும், ஐம்பது மணி நேரம் எரியும். வாரம் ஒருமுறை சமைக்கிற யாருக்கும் கணக்கு உடனே புரிந்துவிடும். காலியான பச்சைப் புட்டியைப் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ள ஒரு சின்னப் பித்தளைக் கருவி இணையத்தில் விற்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள். அவை ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டும் செய்தவை, மறுபடி நிரப்பினால் வாய்ப்பகுதி சரியாக மூடாமல் கசியும்.

பெரிய சிலிண்டர் புதிதாக வாங்கினால் அறுபது டாலருக்கு மேல் ஆகும் என்று, ஒருவர் பழையதைப் பதினைந்து டாலருக்கு விற்க, வாங்கி வந்தேன். வெள்ளை பெயின்ட் அடித்து நன்றாகத்தான் இருந்தது. கேஸ் நிரப்பும் இடத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எடைத் தட்டில் வைக்கும் முன்பே சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைக் குனிந்து பார்த்தார். "தம்பி, இதின்ரை திகதி பாத்தனீங்களோ? முடிஞ்சு போச்சு. நான் நிரப்பேலாது" என்றார். வளையத்தின் உலோகத்தில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். பெயின்டுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. கனடாவில் இந்தச் சிலிண்டர்களைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்து மறுமுத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் நிரப்பக் கூடாது. மறுசோதனைச் செலவுக்குப் புதுச் சிலிண்டரே வாங்கிவிடலாம். பதினைந்து டாலர் போச்சு. பழைய சிலிண்டரை யாராவது மலிவாகத் தந்தால், பெயின்ட் மேல் விரலை வைத்துத் தடவி அந்தத் தேதியைக் கண்டுபிடித்த பிறகு காசைக் கொடுங்கள். வால்வின் கைப்பிடி முக்கோண வடிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் மிதவை உள்ளே இருப்பதற்கு அதுதான் வெளி அடையாளம்.

புதுச் சிலிண்டரும் அதைச் சின்னக் கிரில்லோடு இணைக்க முப்பது டாலருக்கு ஓர் அடாப்டர் ஹோஸும் வாங்கினேன். இரண்டு குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பற்றவைத்தால் தீ நீலமாக, ஆனால் மெழுகுவர்த்தி அளவில் நிற்கிறது. குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஏறவில்லை. மூடியின் வெப்பமானி 120 டிகிரி செல்சியஸைத் தாண்டவே இல்லை. கோழி வெளுத்துப்போய் நீர் விட்டுக்கொண்டு கிடந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் வீட்டுக்குள் ஓவனில் போட்டு, வந்தவர்கள் பத்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிப் போனார்கள். அந்தப் பரவாயில்லை இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் கிரில்லின் ரெகுலேட்டர் போய்விட்டது என்று ஒருவர் சொல்ல, 45 டாலருக்குப் புதிது போட்டேன். அதே தீ. ஹோஸ்தான் மோசம் என்று இன்னொருவர் சொல்ல, இன்னொரு முப்பது டாலர். அதே தீ. கிரில்லையே தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

சிலிண்டரில் ஏதோ கோளாறு என்று அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த யாழ்ப்பாணத்து அண்ணையிடம் போனேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "எப்பிடித் திறக்கிறனீங்கள்? ஒரேயடியாத் திறக்கிறனீங்களோ?" என்றார். ஆமாம் என்றேன். "அதுதான் பிழை. எல்லாத்தையும் பூட்டிப்போட்டு, ஹோஸைக் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டுட்டுத் திரும்பக் கொழுவுங்கோ. பிறகு மெல்ல மெல்லத் திறவுங்கோ. ஒரு நிமிசம் பொறுத்துத்தான் அடுப்பைத் திறக்க வேணும்." வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். தீ புஸ்ஸென்று எழுந்தது. சிரிப்பும் வந்தது, 75 டாலரை நினைத்து எரிச்சலும் வந்தது.

விஷயம் என்னவென்றால், சிலிண்டரோடு ஹோஸை இணைக்கும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் திருகுக்குள் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. ஹோஸ் அறுந்துபோனால் கேஸ் பீய்ச்சி அடிக்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. வால்வைச் சட்டென்று திறந்தால், காலியான ஹோஸுக்குள் கேஸ் ஒரே மூச்சில் பாயும். தடுப்பு அதை உடைந்த ஹோஸ் என்று எடுத்துக்கொண்டு வழியைக் குறுக்கிவிடும், துளி அளவுதான் விடும். கிரில் குமிழைத் திறந்து வைத்துவிட்டு சிலிண்டரைத் திறந்தாலும் இதே கதை. பெரிய கிரில்காரர்களும் இதில் மாட்டுகிறார்கள். ஆனால் நீளமான அடாப்டர் ஹோஸ் போட்ட சின்னக் கிரில்லில் இது சுலபமாக நடக்கும், ஏனென்றால் ரெகுலேட்டர் அந்தக் கோடியில் கிரில்லோடு இருக்கிறது, நடுவில் முழு ஹோஸும் நிரம்ப வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடாப்டர் ஹோஸ் என்ற பெயரில் ரெகுலேட்டர் பொருத்தியதும் விற்கிறார்கள், பொருத்தாததும் விற்கிறார்கள். கிரில்லிலேயே ரெகுலேட்டர் இருந்தால் பொருத்தாத ஹோஸ்தான் வேண்டும். இரண்டு ரெகுலேட்டர் சேர்ந்தால் எத்தனை மெதுவாகத் திறந்தாலும் தீ ஏறாது.

ஹோஸை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சோப்புத் தண்ணீர் சோதனை கட்டாயம். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, கிரில் குமிழை மூடி வைத்து, சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்புகளில் தூரிகையால் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. எனக்கு ஒருமுறை வந்தது, ரவை அளவு குமிழிகள், வரிசையாக. திருகை இறுக்கியதும் நின்றது. மூக்கை நம்பி உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து பள்ளத்தைத் தேடி ஓடும். ஸ்கார்பரோவில் நம்மவர்கள் பலர் பேஸ்மென்டில் இருக்கிறார்கள். பேஸ்மென்ட் ஜன்னலுக்குப் பக்கத்தில் சிலிண்டரை வைப்பதும், மழைக்கு நனைகிறதே என்று படியிறங்கும் இடத்தில் வைப்பதும் எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். மழையில் நனையட்டும், ஒன்றும் ஆகாது. காரில் கொண்டுபோகும்போது நிற்க வைத்து, உருளாமல் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்து, வழியில் வேறு கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வர வேண்டும்.

சமையலுக்கு வருகிறேன். பெரிய கிரில்லில் ஒரு பக்கம் தீயை அணைத்துவிட்டு இறைச்சியை அங்கே ஒதுக்கலாம். இதில் ஒரே பர்னர் என்பதால் ஒதுக்க இடமில்லை, கொழுப்பு சொட்டினால் நேரே தீயில்தான் விழும். தோலோடு கூடிய கோழித் தொடையைத் தயிரும் எண்ணெயும் தாராளமாகப் போட்டு ஊறவைத்து, அப்படியே தட்டு நிறைய அடுக்கினால் இரண்டு நிமிடத்தில் தீ மூடிக்கு மேல் வரும். எனக்கு வந்தது, வேலி மரம் இரண்டடியில் இருந்தது. தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிகிற கொழுப்பு தெறித்துப் பரவும். குமிழை அணைத்து, மூடியை மூடி, சிலிண்டரை மூடி, விலகி நின்றேன். தானே அடங்கியது. அதன் பிறகு கிரில்லை எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் இடைவெளி வருகிறபடி நகர்த்திவிட்டேன், கீழே இருக்கும் கொழுப்புத் தட்டை ஒவ்வொரு சமையலுக்கும் முன்னால் பார்க்கிறேன்.

இப்போது தோல் நீக்கிய தொடைதான். மசாலாவில் தயிர் குறைவு, எண்ணெய் ஒரு கரண்டி, ஒட்டியிருப்பதை வழித்துவிட்டு வைக்கிறேன். அதற்கு முன் கிரில்லை மூடியோடு பத்து பதினைந்து நிமிடம் காயவைத்து, கோழியை வைத்த பிறகு நடுத்தீ. திருப்பும் நேரம் தவிர மூடியைத் திறப்பதில்லை, இத்தனை சின்னப் பெட்டியில் ஒருமுறை திறந்தால் வெப்பம் முழுக்கப் போய்விடும். வெளியே கருகி உள்ளே ரத்தமாக இருப்பதுதான் சின்னக் கிரில்லின் பொதுவான வியாதி. இருபது டாலர் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிக் கறிக்குள் குத்திப் பாருங்கள், கோழித் துண்டு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். மீனுக்கு மட்டும் தட்டில் எண்ணெய் தடவுவேன். வஞ்சிரத் துண்டை வைத்தால், தானாகத் தட்டை விடும்வரை தொடுவதில்லை. கத்தரிக்காய்க்கு இந்தக் கிரில்லை அடிக்க ஆளில்லை. காம்போடு நாலு இடத்தில் கீறி வைத்து மூடிவிட்டால் இருபது நிமிடத்தில் தோல் கருகிச் சுருங்கி, தொட்டால் உள்ளே குழைந்திருக்கும். உரித்து வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புளி சேர்த்துப் பிசைந்தால் ஊர் வாசனை வந்துவிடும்.

ஒரு ஆசை எல்லாருக்கும் வரும், தோசைக்கல்லைத் தூக்கி மேலே வைப்பது. தட்டு முழுவதையும் மூடுகிற கல் வேண்டாம், அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம். மேலே போக வழியில்லாத வெப்பம் கீழே திரும்பிக் குமிழையும் ரெகுலேட்டரையும் சுடும். பாதித் தட்டை மூடுகிற சின்னக் கல் என்றால் சரி. தேய்ப்பதற்குக் கம்பித் தூரிகையையும் விட்டுவிட்டேன். அதன் கம்பி இழை உணவோடு சேர்ந்து தொண்டையில் சிக்கியவர்கள் உண்டு, கனடா சுகாதாரத் துறையே எச்சரித்திருக்கிறது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான தட்டில் தேய்த்தால் போதுமான அளவு சுத்தமாகிறது.

குளிர்காலத்திலும் சமைக்கலாம். புரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். சீனக் கடைகளில் கிடைக்கும் நீள டப்பா பியூட்டேன் அடுப்பு உறைபனிக்கு வந்தாலே படுத்துவிடும், அதை நம்பி வெளியே போகாதீர்கள். பல மாதம் மூடி வைத்த கிரில்லை வசந்தத்தில் எடுக்கும்போது பர்னர் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிலந்திகள் அதற்குள் வலை கட்டும். வலை அடைத்தால் தீ மஞ்சளாகும், சில சமயம் குழாய்க்கு வெளியே பின்பக்கமாகப் பற்றும். மெல்லிய பாட்டில் தூரிகை விட்டுத் துடைத்தால் போய்விடும். காலிப் பச்சைப் புட்டிகளையும் தேதி முடிந்த சிலிண்டரையும் குப்பைத் தொட்டியிலோ மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியிலோ போடக் கூடாது. டொராண்டோ நகராட்சியின் டிராப் ஆஃப் டிப்போக்களில் வீட்டு அபாயக் கழிவு வாங்கும் பகுதியில் எடுத்துக்கொள்கிறார்கள். என் பதினைந்து டாலர் சிலிண்டரும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.